இடப்பக்க விளக்கு

கண்ணை மூடிக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை நான்கு பக்கமும் சாய்க்கிறார் பார்வதம். மேல், கீழ், இடம், வலம். பிறகு கையை எடுத்துவிட்டு மனதுக்குள் மூன்று வரை எண்ணுகிறார். எதிரே உள்ள சோதனைப் பெட்டியில் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன விளக்குகள் எரிந்து அணைகின்றன. அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. “வெளக்கு இன்னா வேணா சொல்லும் சார். கை பொய் சொல்லாது” என்றபடி ‘பாஸ்’ முத்திரையை எடுத்துக் குத்துகிறார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தகர ஷெட். கோயம்புத்தூர்க்காரரான கிஷோர் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் ஆரம்பித்தது. நாற்பது வருடத்துக்கு முன் டிவியில் செருகி விளையாடிய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் ஜாய்ஸ்டிக்கை இன்று அப்படியே நகலெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இதைப் பற்றி எழுதப் போயிருந்த நான், இதையெல்லாம் யாரய்யா வாங்குகிறார்கள் என்று கேட்டேன். என்னைப் போல் தலை நரைத்தவர்கள்தானாம். ஆறு பேர் வேலை செய்கிற இடத்தில் தரம் பார்ப்பவர் பார்வதம். ஐம்பத்து மூன்று வயது, வீடு மண்ணூர்பேட்டையில்.

அந்த வலது கைக்கு ராஜ மரியாதை. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டக் கூடாது என்று மதியச் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். யார் கை நீட்டினாலும் தள்ளி நின்று ஒரு கும்பிடு. கடையில் கத்திரிக்காயைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் பொறுக்குவார் என்று பக்கத்து மேசை சிம்ரன் சிரிக்கிறாள். “அவுளுக்கு கண்ணு கீது, எனக்கு கை கீது” என்கிறார் பார்வதம், சிரிக்காமல்.

பழசு ஒன்றையும் புதுசு ஒன்றையும் என்னிடம் தந்து வித்தியாசம் சொல்லச் சொன்னார். பழசு பழுப்பேறிக் கனத்தது. சாய்த்தால் உள்ளே பித்தளைத் தகடு வளைந்து ‘தப்’ என்று மந்தமாகத் தொட்டது. தடித்த பிளாஸ்டிக்; கீழே விழுந்தால் தரைதான் உடையும். புதுசு இளைத்த உடம்பு, ‘டிக்’ என்று வெடுக்கென்ற சத்தம். ஆனால் உள்ளே நல்ல சுவிட்ச், பத்து லட்சம் தடவை சாய்த்தாலும் தேயாது என்றார் கிஷோர். எனக்குப் புதுசே தேவலை என்று பட்டது, சொல்லியும் விட்டேன். “புச்சு சொன்ன பேச்சு கேக்கும் சார். பழசு கேக்காது. அதுக்குள்ள ஒரு கை கீது” என்றார் பார்வதம். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மதியம் மற்றவர்கள் வெளியே மர நிழலில் சாப்பிடப் போனார்கள். சுவரோரப் பலகையில் நாற்பது புது ஜாய்ஸ்டிக்குகள் விளக்குகளோடு மாட்டியிருந்தன. ஒருவரும் தொடவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. நாற்பது குச்சிகளும் அசைவது தெரியாமல் அசைந்தன. நாற்பது இடப்பக்க விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. வலப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மறைப்பானேன், பயந்துவிட்டேன். பார்வதம் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “நாகுதான் சார். கம்ப்ரசர் போட்டா வருவான்.”

நாகப்பன் அவருடைய தம்பி. அப்பா ஆவடியில் ஓர் இன்ஜினியருக்குக் கார் ஓட்டினார். இன்ஜினியர் மாற்றலாகிப் போனபோது, மகன் ஆடி அலுத்த கம்ப்யூட்டரையும் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்கையும் கொடுத்துவிட்டுப் போனார். ஜாய்ஸ்டிக் தம்பிக்கு, கீபோர்டு அக்காவுக்கு. தம்பி ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவன், மாவுக்கட்டைப் பாதியிலேயே பிய்த்தெறிந்துவிட்டான். எலும்பு கோணலாகக் கூடியது. அவன் பிடித்தால் குச்சி எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். “அவன் லெஃப்டுல வந்தா நான் ரைட்டுல ஓடணும் சார், அதான் ஆட்டம். ஒரு தபா கூட தப்பிச்சதில்ல.” பதினாறு வயதில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோயிற்று. கம்ப்யூட்டரும் கெட்டுப்போனது. ஜாய்ஸ்டிக் மட்டும் பீரோவில் அவன் சட்டைகளோடு இருந்தது. தினமும் சாமி கும்பிட்டதும் பார்வதம் அதை எடுத்து ஒரு தரம் பிடித்துப் பார்ப்பார். முப்பத்தைந்து வருடமாக இது நடக்கிறது.

கிஷோர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மாதிரிகள் உடைந்து வந்தபோது, பார்வதம்தான் தன்னுடையதைக் கொடுத்தார். அதை அளவெடுத்துத்தான் அச்சு வெட்டினார்கள். நான் கையில் வாங்கிப் பார்த்த பழசும் அதுதான். அது தெரிந்ததும் என் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். கிஷோர் முகம் சரியில்லை. மாதிரிக்கு அனுப்பிய பத்தும் திரும்பி வந்துவிட்டன. கையை எடுத்தாலும் திரையில் ஆள் தானாக இடப்பக்கம் நடக்கிறானாம். பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். குச்சி உட்காரும் குழியை நாகப்பனின் கை ஒரு பக்கமாகத் தேய்த்திருந்தது. அளவெடுத்த இயந்திரம் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டது. செய்த முந்நூறிலும் அவன் கை இருந்தது.

“அதெப்படிங்க்கா அத்தனையும் பாஸ் பண்ணீங்க?” என்று கேட்டிருக்கிறார் கிஷோர். பழக்கதோஷம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். என்னிடம் பார்வதம் மறைக்கவில்லை. “மொதல்ல தெரியாமத்தான் குத்துனேன் சார், என் கைக்கு அதான் நேரு. பலகையில மாட்டுன அன்னிக்கு அவன பாத்தேன். அப்பால தெரிஞ்சேதான் குத்துனேன். பழசுல குழி வெடிச்சுப் போச்சு, இன்னும் எத்தினி நாளிக்கு வரும்? இதுங்கள உட்டா அவன் வேற எங்க கீறான்?”

கிஷோர் அச்சைத் திருத்திவிட்டார். முந்நூறையும் பிளாஸ்டிக் கிரைண்டரில் போட்டு அரைக்க வேண்டும். அதற்கு ரிஜெக்ட் தாளில் பார்வதம் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரமாகத் தாள் மேசையிலேயே கிடந்தது. “வேணும்னா ஒண்ணு நீங்க எடுத்து வெச்சுக்கங்க்கா” என்றார் கிஷோர். அன்று என் எதிரில்தான் பார்வதம் அதில் கையெழுத்துப் போட்டார். “யார் யார் ஊட்லயோ போயி குந்திகினு, தெரியாதவங்க கையப் புடிச்சு இஸ்துகினு கெடக்கணுமா? பாவம் சார் அவன். வாணாம்.”

அரைக்கும் சத்தம் ஒரு மணி நேரம் கேட்டது. ஒவ்வொன்றையும் அவரே எடுத்துப் போட்டார். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். திருத்திய அச்சில் செய்த முதல் ஜாய்ஸ்டிக் காத்திருந்தது. மேல், கீழ், இடம், வலம். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்குகளையே பார்த்தார். கையை எடுத்து மூன்று வரை எண்ணினார். நான்கும் அணைந்தே இருந்தன. “நேரா கீது” என்று முத்திரை குத்தினார். மதிய இடைவேளை வந்தது, சிம்ரனும் மற்றவர்களும் வெளியே போனார்கள்.

சோதனைப் பெட்டியில் இரண்டு ஜாய்ஸ்டிக் மாட்டலாம். பார்வதம் பையிலிருந்து பழசை எடுத்தார். இரண்டாவது துளையில் செருகி, மேசைக்கு அந்தப் பக்கம், காலி நாற்காலிக்கு எதிரே வைத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

பழசின் இடப்பக்க விளக்கு எரிந்தது. நான் திரும்பிப் பின்கதவு வழியாகப் பார்த்தேன். கம்ப்ரசரைப் பழுது பார்க்கக் கழற்றித் தரையில் பரப்பியிருந்தார்கள். கிரைண்டர் எப்போதோ நின்றுவிட்டது.

பார்வதம் புது ஜாய்ஸ்டிக்கைச் சட்டென்று பிடித்து வலப்பக்கம் சாய்த்தார்.