நான் வேலைக்குச் சேர்ந்த தேதி

பீர்மேட்டிலிருந்து நான் நர்சாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு மாநில அரசு, பெருநகரத்துக்கு வெளியே வேலை செய்ய வரும் நர்சுகளைப் பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரை கிடைத்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். ஏஜென்ட் மூலம் நான் விண்ணப்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் திறந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டின் சம்பளச் சீட்டுகளை ஏழு நாளுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் குறிப்பிட்ட ஆண்டில் நான் வேலைக்கே சேரவில்லை. படிப்பை முடித்துவிட்டு, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லயத்து அறையில் அம்மாவோடு இருந்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் ஏஜென்டின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் பதற்றமே படவில்லை.

"மூணு வருஷம் நெறஞ்சாத்தான் பாயிண்ட் கூடும், சிஸ்டர். ஒங்களுக்கு ரெண்டே கால்தான். அதான் ஆஸ்பத்திரி குடுத்த அனுபவ லெட்டர்ல, நீங்க சேர்ந்த தேதியைக் கொஞ்சம் மாத்தினேன். சம்பளச் சீட்டும் நானே ரெடி பண்றேன்."

வேண்டாம் என்றேன். அப்படியானால் பொய் ஆவணம் என்று சில ஆண்டுகள் அந்த நாட்டுக்குள் நுழையவே விடமாட்டார்கள், விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்றார். சொன்ன தொனியில் கோபமே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். அவரிடம் சொன்னபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். அம்மா அந்த ஆண்டு எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெறவிருந்தார். ஓய்வு பெற்றால் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். நாங்கள் மூவருமே அந்த ஓர் அறையில்தான் இருந்தோம்.

"அந்த ஏஜென்ட் சொல்ற மாதிரியே விட்டுருவோமா புள்ள?" என்று கேட்டார். "அங்க யாரு இதையெல்லாம் நோண்டிப் பாக்கப் போறா?"

எனக்கும் அப்படி விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் போன் அடித்தபோதெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து விசாரிக்கத்தான் அழைக்கிறார்கள் என்று தோன்றியது. ஒருமுறை ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு வேறொரு கட்டிலுக்குப் போய்விட்டேன். நோயாளியின் கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. அன்று மத்தியானமே மேட்ரனின் அறைக்குப் போனேன். அனுபவக் கடிதத்தில் கையெழுத்திட்ட தலைமை நர்ஸ் அவர். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கீழே இருந்த கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார். "ஒப்பு என்னோடதுதான். தேதி நான் எழுதினதில்ல," என்றார். என்னைத் திட்டவில்லை. சரியான தேதியோடு புதிய கடிதம் அடித்துக் கையெழுத்திட்டார். "நடந்ததை அப்படியே எழுது. அவங்க கூப்பிட்டா நான் பேசறேன்."

ஏஜென்டை விலக்கிவிட்டு அந்த மாநில அரசுக்கு நானே எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்த முடியாமல் தவித்தபோது வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அனுப்பு," என்றார். அழுத்தினேன்.

பதில் வரப் பதினெட்டு நாளாயிற்று. பரிந்துரை மறுக்கப்பட்டது. என் விளக்கத்தைப் பதிவு செய்துகொண்டதாகவும், தகுதி வந்ததும் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் கடைசி வரியில் இருந்தது. அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அம்மா ஓய்வு பெற்றார். பக்கத்து ஊரான வண்டிப்பெரியாரில் வாடகைக்கு ஓர் அறை பிடித்தோம். மூன்று ஆண்டு உண்மையாகவே நிறைந்த பிறகு ஏஜென்ட் இல்லாமல் மறுபடி விண்ணப்பித்தேன். இந்த முறை பரிந்துரை கிடைத்தது.

விசா இன்னும் வரவில்லை. அந்தப் படிவத்தில், இதற்கு முன் தவறான தகவல் தந்ததுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று குறித்து, ஒரு பக்கம் எழுதினேன். அதை யார் படிப்பார்கள், படித்துவிட்டு என்ன நினைப்பார்கள் என்று தெரியாது. போன் அடித்தால் இப்போதும் முதலில் அங்கிருந்துதான் விசாரிக்க அழைக்கிறார்கள் என்று தோன்றுகிறது.