வீஜீஏ செய்யாத குற்றம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வீஜீஏ கார்ட் மூன்று நாள் ஏச்சு வாங்கியது. அது ஒரு குற்றமும் செய்யவில்லை. செய்தவள் நான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

அப்போதும் நாங்கள் மடவளையில், பள்ளிவாசலைத் தாண்டி மேலே ஏறும் ஒழுங்கையில்தான் இருந்தோம். கீழே பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாப்பாவின் பலசரக்குக் கடை. என் மூத்த சகோதரி, ராத்தா, கண்டியில் கட்டட வரைபடம் படித்து முடித்திருந்தாள். கொழும்பில் ஓர் அலுவலகம் அவளை வேலைக்குக் கூப்பிட்டபோது, "கொழும்புல போடிங்ல நிக்க ஏலா" என்று, வாடகை அறையில் தனியாகத் தங்க விடாமல், வாப்பா ஒரே வசனத்தில் கதையை முடித்துவிட்டார். ராத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அந்த அலுவலகத்துக்கே எழுதி, வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவார்களா என்று கேட்டாள். அவர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். குண்டசாலையில் கட்டப்போகும் ஒரு வீட்டை, கட்டி முடித்தாற்போல் படமாக்கி, திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உம்மா இரண்டு மாப்பிள்ளைமாரின் விவரங்களை அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தார்.

ராத்தாவின் கணினியைச் செய்து தந்தவர் சாச்சா, வாப்பாவின் தம்பி. கட்டுகஸ்தோட்டையில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். பெட்டி ஓரிடத்தில், உள்ளே போகும் சாமான்கள் வேறு வேறு இடங்களில் என்று தேடிப் பொறுக்கி, ஐந்து மாதமாகச் சேர்த்துப் பூட்டியது அது. படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் கிராபிக்ஸ் கார்ட்டை எங்கள் பக்கம் வீஜீஏ என்றுதான் சொல்வார்கள். எங்களுடைய வீஜீஏ யாரோ நாலு வருடம் கேம் விளையாடிக் களைத்துப்போய் விற்றது. ஆகவே வியாழக்கிழமை பின்னேரம் திரை கறுத்து, திரும்பி வரும்போது பச்சைச் சதுரங்களோடு வந்ததும், எல்லாப் பழியும் அதன் தலையில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து தொப்பியோடேயே சாச்சா வந்தார். வீஜீஏயைக் கழற்றினார், ஊதினார், என் அழிறப்பரை வாங்கி அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்தார். அழிறப்பர் கறுத்ததுதான் மிச்சம். பிறகுதான் நோய் பிடிபட்டது. வீஜீஏக்கும் கணினிக்கும் நடுவில் நின்று பேசும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பேர். கணினி யாரையும் கேட்காமல் நெட்டில் போய்ப் புது டிரைவரைக் கொண்டுவந்து போட்டிருந்தது. கிழட்டு வீஜீஏக்கு அது ஒத்துவரவில்லை. சாச்சா புதியதை அடியோடு நீக்கி, பென் டிரைவில் கொண்டுவந்த பழையதைப் போட்டதும் திரை தெளிந்தது.

"படம் முடியங்காட்டியும் நெட் குடுக்க வாணாம். குடுத்தா அது திரும்பவும் புதுச கொண்டு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கணினியில் மட்டும் வைஃபையை நிறுத்தினால் போதும் என்பது இன்று முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அன்று ஏனோ அது ஒருவருக்கும் தோன்றவில்லை. ராத்தா ஹோலில் இருந்த ரவுட்டரின் சுவிட்சை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

வீட்டை வரைவது ராத்தாவின் வேலை. அதற்கு வெயிலும் நிழலும் கண்ணாடி மினுக்கமும் கொடுத்து உண்மை வீடாக்குவது கணினியின் வேலை. அதற்கு முழுதாக ஒரு நாள் வேண்டும். இடையில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சனிக்கிழமை காலை ராத்தா பிஸ்மி சொல்லி அதைத் தொடக்கி வைத்தாள்.

எனக்கோ அந்த நாட்களில் கார்ட்டூன் பார்க்காமல் பின்னேரத் தேத்தண்ணி இறங்காது. உம்மாவின் போனுக்கும் அந்த ரவுட்டரை விட்டால் வேறு நெட் கிடையாது. நான் குசினியில் இருந்து போனில் பார்ப்பதற்கும் அறையில் இருக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று நியாயம் கண்டுபிடித்தேன். நெட் என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி, திறந்த இடத்தில் மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன் போலும். பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு, ராத்தா குளிக்கப் போன நேரம் பார்த்து ரவுட்டரைப் போட்டேன். அரை மணித்தியாலம்தான். நடுவில் மழை வரும் போலிருக்கிறதென்று வாப்பா குடை எடுக்க வந்தார். ஹோலில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தப்பினோம் என்று நான் மிச்சக் கார்ட்டூனையும் பார்த்து முடித்துவிட்டு ரவுட்டரை நிறுத்தினேன்.

பொழுது பட்டு மஃரிப் தொழுகை வருவதற்குள் திரை கறுத்துவிட்டது. ராத்தா அழவில்லை. கதிரையில் இருந்து கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாச்சா மறுபடியும் வந்தார். நெட் யாராவது கொடுத்தீர்களா என்று கேட்டார். ராத்தா இல்லை என்றாள், உம்மா இல்லை என்றார், நானும் தலையை ஆட்டினேன். வாப்பாவை ஒருவரும் கேட்கவில்லை. கணினி விஷயத்தில் அவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் மூலையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கடைக்குப் போனார். "அப்ப இது வீஜீஏட வேலதான். சாகப் போகுது போல" என்றார் சாச்சா. பழைய டிரைவரை மறுபடி போட்டு, படத்தை மறுபடி தொடக்கினார்கள். தப்பாமல் ஓடினால் திங்கள் காலையில் முடியும்.

அன்று பின்னேரம் (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்) நான் திரும்பவும் ரவுட்டரிடம் போனேன். அதற்குக் கரண்ட் கொடுக்கும் அடப்டரைக் காணவில்லை. வாப்பா கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனதாக உம்மா சொன்னார். ஏனென்று உம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. படம் முடிந்தாலும் ராத்தா அதை அனுப்ப முடியாமல் போகட்டும் என்றுதான் எடுத்திருக்கிறார். கொழும்புக்கு விடாதவர் இதற்கு மட்டும் விடுவாரா?

திங்கட்கிழமை பத்தரை மணிக்குப் படம் முடிந்தது. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, முற்றத்தில் வெயில். இன்னும் கட்டாத அந்த வீட்டின் கதவைத் தட்டலாம் போலிருந்தது. அதை அனுப்ப நெட் வேண்டும். கடைக்குக் கோல் எடுக்க உம்மா போனைத் தேடுவதற்குள் நான் ஒழுங்கையில் ஓடிக்கொண்டிருந்தேன்.

கடையில் வாப்பா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். மூன்று நாலு பேர் நின்றார்கள். எனக்கு மூச்சு வாங்கியது, கோபத்தில் வெட்கம் போய்விட்டது.

"அடப்டர தாங்க. ராத்தாட வேல கெட்டுப் போகட்டும்னுதானே கொண்டு வந்த நீங்க?"

வாப்பா ஏசவில்லை. பருப்பைச் சுற்றிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"படம் முடிஞ்சா?"

"முடிஞ்சி."

"முழுசா?"

"ஓ."

சட்டைப்பையிலிருந்து அடப்டரை எடுத்தார். சீனிப் பையில் சுற்றி, நூல் கட்டியிருந்தது. அதை என் கையில் வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இனி நீங்களும் கார்ட்டூன் பாக்க ஏலும் மகள்" என்றார்.

நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். மேட்டில் ஒரே ஓட்டமாக ஏறினேன். பதினொன்றே காலுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமே ராத்தாவுக்கு வேலை கிடைத்தது. அலுமாரியில் இருந்த விவரங்கள் இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருந்தன. அந்த வீஜீஏயும் அத்தனை காலம் உழைத்தது. குண்டசாலை பஸ்ஸில் போகும்போது அந்த வீட்டை இப்போதும் எட்டிப் பார்ப்பேன். ஓடு மட்டும் வேறு நிறம்.

அடப்டரை மீட்டு வந்த கதையை அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னேன். வாப்பா கார்ட்டூனுக்கு அனுமதி கொடுத்ததையும் சொன்னேன். வாப்பா தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ரவுட்டரைப் போட்டது யாரென்று ஒன்றும் தெரியாதவள் போல் மூன்று நாள் நடித்த எனக்கு, வாப்பா அடப்டரை யாரிடமிருந்து ஒளித்தார் என்பது உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.