பத்து–ஒன்பதில் நான் முடித்துவைத்த மேட்ச்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எண்ணூரில் நடந்தது இது. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி. பெண்கள் டென்னிஸ் ஃபைனலுக்கு நடுவராக வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வியாசர்பாடி ஃபுட்பால் மேட்சுகளுக்குப் பதினைந்து வருடமாக விசில் ஊதுகிறவன் என்பதால், என்னைப் பிடித்து அந்த உயர நாற்காலியில் ஏற்றிவிட்டார்கள். பந்து உள்ளேயா வெளியேயா, அவ்வளவுதானே என்று நானும் கெத்தாக ஏறிவிட்டேன். பதினைந்து, முப்பது, நாற்பது என்ற கணக்கை மட்டும் ஐந்து நிமிடத்தில் கேட்டுக்கொண்டேன். முப்பதுக்குப் பிறகு ஏன் நாற்பத்தைந்து இல்லை என்றதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை.

ஒரு பக்கம் எங்கள் கம்பெனி லேபில் வேலை செய்யும் அக்கா. போன மூன்று வருடமும் ஃபைனல் வரை வந்து தோற்றவர். அடுத்த மாதம் அவருக்கு குஜராத்துக்கு மாற்றல், அதனால் கப்பை எடுக்க இதுதான் கடைசி வாய்ப்பு. எதிரில் மாத்தூர் பக்கமிருந்து துணைக்குக்கூட ஆளில்லாமல் வந்திருந்த ஒரு சின்னப் பெண்.

ஆளுக்கொரு செட் ஆனது. மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்து பாயிண்ட் டைபிரேக் என்று சொல்லி, ஒரு தாளைக் கையில் திணித்தார்கள். முதலில் பத்து எடுப்பவருக்கு வெற்றி என்ற முதல் வரியைப் படித்தேன். மிச்சத்தைப் படிப்பதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண் ஒரே ஒரு சர்வீஸ் போட்டாள். பிறகு அக்கா இரண்டு, அவள் இரண்டு என்று அவர்களே மாற்றிக்கொண்டார்கள். ஆறு பாயிண்டுக்கு ஒரு முறை பக்கமும் மாறினார்கள். ஏன் ஒன்று, ஏன் ஆறு என்று என் மூளை அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஒன்பதுக்கு ஒன்பது. எங்கள் ஏரியாவில் இருட்டிக்கொண்டு வரும்போது ஸ்கோர் சமமாக இருந்தால், ‘அடுத்த கோல் வின்னு’ என்று சொல்லிவிடுவோம். அந்தக் கோலோடு ஆட்டம் முடிந்துவிடும். அதே நினைப்பில் உட்கார்ந்திருந்தேன். அக்கா சர்வீஸ் போட்டார். பந்து கோட்டை உரசிக்கொண்டு போனது. பத்து–ஒன்பது. நான் எழுந்து நின்று, மேட்ச் முடிந்தது, அக்காதான் வின்னர் என்று அறிவித்துவிட்டேன். எங்கள் ஆட்கள் கோர்ட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். அந்தப் பெண் கையைத் தூக்கி ஏதோ சொன்னாள். கூச்சலில் கேட்கவில்லை.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சார், மேட்ச் இன்னும் முடியல. ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வரணும். இது என் சர்வீஸ்ல நான் எடுத்தது. அடுத்தது அவங்க சர்வீஸ். அதுலயும் எடுத்தாத்தான் ஜெயிச்ச மாதிரி.”

கீழே நின்ற என் தோஸ்து தலையில் கை வைத்துக்கொண்டான். “இன்னா மாமு, கைக்கு வந்த கப்ப வோணான்றாங்க?”

தாளைப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, கூட்டத்தை வெளியே அனுப்பினேன்.

பத்து–பத்து ஆனது. பதினொன்று அந்தப் பெண்ணுக்கு. அடுத்ததும் அவளுக்கே. இந்த முறை தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அறிவித்தேன்.

அக்கா அவளுக்குக் கை கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். ஜெயித்ததாக அறிவித்து ஆட்டத்தின் நடுவே குழப்பிவிட்டேனே என்று எனக்கு வலித்தது. மோர் பாக்கெட்டோடு மன்னிப்புக் கேட்கப் போனவன், வாய் சும்மா இருக்காமல், முதலில் மட்டும் ஏன் ஒரே சர்வீஸ் என்று கேட்டுத் தொலைத்தேன். அழுகையிலேயே சிரித்துவிட்டார். சர்வீஸ் போடுகிறவருக்குத்தான் வசதி, முதல் ஆளுக்கே இரண்டு கொடுத்தால் முந்திவிடுவார் என்றார். பக்கம் மாறுவது வெயிலையும் கடல் காற்றையும் பங்கு போட்டுக்கொள்ள. சமமான பிறகு வரும் இரண்டு பாயிண்டில் ஆளுக்கொரு சர்வீஸ் வரும், அதற்காகத்தான் இரண்டு வித்தியாசம் என்று மண்ணில் கோடு போட்டே காட்டினார்.

இப்போதும் எங்கள் ஏரியாவில் இருட்டினால் ‘அடுத்த கோல் வின்னு’தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் பந்து யார் காலில் இருக்கிறது, வசதி யாருக்கு என்று பார்த்துக்கொள்கிறேன். அன்றைய ஸ்கோர் ஷீட்டில் அக்கா தோற்றதாகத்தான் என் கையெழுத்தோடு இருக்கிறது. பத்து–ஒன்பதில் அவர் என்னைத் திருத்தியதை எழுத அதில் இடமில்லாததால்தான் இங்கே எழுதுகிறேன்.