நெற்றியில் கரைந்த பனி

சென்ற ஞாயிறு காலை ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து பரமேஸ்வரி அக்காவின் மகள் பேசினாள். “அன்ரி, அம்மா நித்திரையிலேயே போயிட்டா.” தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னலருகே போனேன். வெளியே இலைகள் ஓசையில்லாமல் விழுந்துகொண்டிருந்தன.

அவரைப் பிற்காலத்தில் அறிந்தவர்களுக்கு, நெற்றியில் நெடுக்காக ஓடிய மெல்லிய கோடும் அதன்மேல் வைத்த பொட்டும் நினைவிருக்கும். அந்தக் கோடு எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. நான் அப்போது கூடவே இருந்தேன்.

அறுபதுகளின் கடைசியில் டுசல்டோர்ஃப் நகரில் ஒரு மருத்துவமனையில் நாங்கள் இருவரும் தாதிகள். அக்கா சத்திரசிகிச்சை அறையில், நான் வார்டில். முகம் சிதைந்தவர்களுக்கு மூக்குச் செய்துகொடுக்கும் வயதான பேராசிரியர் ஒருவருக்குக் கத்தியும் ஊசியும் எடுத்துக் கொடுப்பது அக்காவின் வேலை. ஒரு பனிக்காலத்தில் அக்கா வந்த கார் வழுக்கி மரத்தில் மோதியது. முன்கண்ணாடி உடைந்து மூக்கின் கீழ்ப்பாதியைக் கொண்டுபோய்விட்டது. அதே அறையில், அதே மேசையில், இம்முறை அக்கா படுத்தார்.

நெற்றித் தோலில் ஒரு துண்டை வெட்டி, புருவத்தருகே மட்டும் ஒட்டியிருக்க விட்டு, கீழே திருப்பி மூக்காகத் தைப்பார்கள். புதிய இடத்தில் இரத்த ஓட்டம் பிடிக்கும்வரை, புருவத்திலிருந்து இறங்கும் தோல்பாலம்தான் அதற்கு உயிர் கொடுக்கும். சில வாரங்கள் கழித்தே பாலத்தை வெட்டலாம். இந்த முறை இந்தியாவில் பிறந்தது என்று பேராசிரியர் சொன்னாராம். “எங்கட பக்கத்துச் சாமான், ஊரெல்லாம் சுத்தி எனக்கே வந்திட்டுது,” என்றார் அக்கா.

சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் காலை கட்டை விலக்கிப் பார்த்தேன். மூக்கின் நுனி நிறம் மாறியிருந்தது.

“என்ன நிறம்? மறைக்காமல் சொல்லு.”

“நீலம், அக்கா.”

“கறுப்பில்லைத்தானே? அப்ப உயிர் இருக்கு. டொக்டரைக் கூப்பிடு.”

பேராசிரியர் வந்து இரண்டு தையல்களைத் தளர்த்தினார். பின்னேரம் நுனியில் மெல்லச் சிவப்பு ஊறியது. அன்றுதான் அக்கா அழுதார். “மூக்கு நனையக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

அடுத்த அறையில் ஹில்டா என்ற இளம்பெண் இருந்தாள். கட்டி வந்து மூக்கை இழந்தவள். அவளுக்கும் அதே சிகிச்சை நடந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவளைப் பார்க்க வந்த கணவன் வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அன்று முதல் அவள் சாப்பிடவில்லை. “இந்தத் தும்பிக்கையை வெட்டி எறியுங்கள், நான் வீட்டுக்குப் போகிறேன்” என்று ஒரே பிடிவாதம். அப்போது வெட்டினால் மூக்குச் செத்துவிடும். பேராசிரியர் சொல்லியும் அவள் கேட்கவில்லை.

அக்கா என் கையைப் பிடித்து எழுந்தார். “வாறன், நானே கதைக்கிறன்.” தன் முகத்தில் தொங்கிய பாலத்தோடு ஹில்டாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து, விளிம்பில் கிடந்த பனியைக் கிள்ளி, தன் புதிய மூக்கின் நுனியில் வைத்தார்.

“எங்கே குளிருது தெரியுமா?” என்று ஜெர்மனில் கேட்டார். “நெற்றியில்.”

ஹில்டா நம்பவில்லை. “கண்ணை மூடு,” என்றார் அக்கா. அவளுடைய மூக்கை விரல்நுனியால் மெதுவாகத் தொட்டார். ஹில்டாவின் கை தானாக உயர்ந்து நெற்றியைத் தடவியது. பிறகு அவள் அக்காவின் மூக்கைத் தொட்டாள். பனி வெளிச்சம் நிறைந்த அந்த அறையில் இரண்டு பெண்களும் கண்களை மூடி, ஒருவர் மூக்கை ஒருவர் தொட்டு, நெற்றியால் உணர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் கனவு காண்பவள்போல நின்றேன்.

“அது இன்னும் நெற்றியென்றுதான் தன்னை நினைக்கிறது,” என்றார் அக்கா. “மூக்காக மாறக் கொஞ்ச நாள் கொடு.”

அன்றிரவு ஹில்டா சூப் குடித்தாள். பாலத்தை வெட்டும்வரை பொறுத்திருந்தாள், மூக்குத் தங்கியது. கணவன் பிறகொரு நாள் வந்து அவளருகே உட்கார்ந்தான்.

அக்காவின் பாலத்தையும் வெட்டினார்கள். நுனி பல மாதங்கள் மரத்துக் கிடந்தது. பிறகு ஒரு நாள் தேநீர் ஆவி பட்டதும் திடுக்கிட்டு, “மூக்கிலதான் சுடுது! நெத்தி மறந்திட்டுது, பிள்ளை,” என்றார். மகிழ்ச்சியோடு ஏதோ ஒரு சின்ன இழப்பும் அந்தக் குரலில் இருந்தது.

எழுபதுகளில் ஒரு கோடையில் ரைன் கரையோரமாக இருவரும் ரயிலில் போனோம். அக்கா எதிரே தூங்கிப்போனார். மரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி அவர் முகத்தில் ஓடின. மூக்கின் தையல் தழும்பு எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பார்த்தேன்; தெரியவில்லை. இறங்க வேண்டிய நிலையம் வந்தது. எழுப்ப மனமில்லாமல் அடுத்த நிலையம்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா போய்விட்டார்; அந்த ஒரு நிலையத் தூரம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.