நாற்பத்தொன்றாம் வரிசைக்காகக் கிள்ளானுக்கு

ரப்பர் விலை படுத்துக் கிடந்த வருடம், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், சொற்கள் கேட்பதற்காகக் கிள்ளானுக்குப் போனேன். நான் ரயில்வே குமாஸ்தா, இங்கத்துப் பேச்சில் கிராணி. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் தங்கியிருந்த டச்சுப் பாதிரியார், ஹல்மஹெரா தீவில் கலேலா மக்களிடையே வாழ்ந்தவர். அங்குள்ள பப்புவ மொழிகளை ஒப்பிட்டு, அவற்றின் தாய்மொழி, இன்று யாருமே பேசாத அந்த மொழி, எப்படி ஒலித்திருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் மங்கிவிட்டதால் எழுதுவது என் வேலை.

கலேலாவில் 'ச' வருமிடத்தில் தொபேலோ மொழியில் 'ஹ' வரும் என்பது அவர் முடிவு. சரிபார்க்க ஒரு தொபேலோக்காரர் வேண்டும். வியாழக்கிழமை பாதிரியாருக்குக் கப்பல். அதற்குள் அது மெய்யா பொய்யா என்று தெரிந்தாக வேண்டும்.

காலை 7.20 வண்டி. மூன்றாம் வகுப்பு, அறுபத்து மூன்று காசு, இருபத்தொரு மைல். 8.35க்குக் கிள்ளான். ஸ்டேஷனிலிருந்து ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் யாக்குப்பின் பலகை வீடு. தொபேலோக்காரர், பதினைந்து வருடம் தமிழ் மூட்டைக்காரர்களோடு வேலை செய்து நம்மைப் போலவே பேசுகிறவர்.

பாதிரியாரின் பட்டியலில் வரிசைக்கொரு கலேலா சொல்; அதற்கு எதிரே தொபேலோ சொல்லை எழுதிக்கொண்டு போனேன். நாற்பது சொற்கள் மளமளவென்று வந்தன. 'ச' இருந்த இடமெல்லாம் 'ஹ'. நாற்பத்தொன்று, 'இலை'. அவர் வாசலைப் பார்த்தார்.

"அது... மரத்துல முளைக்கிறது. அப்படியே எழுதிக்கிங்க, கிராணி."

என்னால் சும்மா இருக்க முடிந்ததா? கலேலா சொல்லை எடுத்தேன், 'ச'வை 'ஹ' ஆக்கினேன், சத்தமாகச் சொன்னேன்.

யாக்குப் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லலண்ணே. நானே கணக்குப் போட்டேன்."

"அது என் தம்பி பேரு. கடல்ல முழுகிப் போனவன். எங்க வீட்டுல பன்னெண்டு வருஷமா யாரும் அந்தச் சொல்லையே எடுக்கிறதில்ல. கூப்பிட்டா வந்துருவான்."

பயந்துபோனேன். கூடவே, கணக்குச் சரியாக வந்ததே என்ற பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்தபடி, என்னைத் தாண்டி யாருக்கோ இரண்டு வார்த்தை தன் மொழியில் மெதுவாகச் சொன்னார். பிறகு என்னிடம், "எனக்கு ஒண்ணும் இல்லலா. கூப்பிட்டவங்க கூடத்தான் போவான்" என்றார்.

பாதிரியாரிடம் நாற்பது சொற்களை மட்டும் கொடுத்தேன். போதும் என்று மகிழ்ந்தார். நாற்பத்தொன்றாம் வரிசை காலியாகவே கப்பலேறியது. இப்படிச் சொல் கேட்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாராவது ஒரு சொல்லில் தயங்கினால் விட்டுவிடுங்கள், நிரப்பாதீர்கள்.

திரும்ப 4.10 வண்டி வசதி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். அன்று என் பெட்டியில் நிற்கவும் இடமில்லை. கைக்குழந்தையோடு நின்ற ஓர் அம்மாளிடம், காலியாகக் கிடந்த என் பக்கத்து இடத்தைக் காட்டி, உட்காருங்கள் என்றேன்.

"ஆளு இருக்காரே தம்பி" என்றார்.

நான் ஜன்னலோரமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.