அஞ்சம்மாள் மாட்டிய சைபர்

அஞ்சம்மாளுக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் கும்மிடிப்பூண்டிக் கம்பி ஆலையில் இருபது வருஷம் பெருக்கியதில் ஆபீஸ் இங்கிலீஷ் அத்துப்படி. சொல்லிவிட்டு வராவிட்டால் லீவு, சொல்லாமல் வராவிட்டால் ஆப்சென்ட். புருஷன் செத்த அன்றைக்கு அவளுக்கு விழுந்தது ஆப்சென்ட்.

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கியதும் அவளுக்கு முதல் வேலை, கேட்டருகே தொங்கும் பலகையில் நம்பர் தகட்டை மாற்றுவது. விபத்தே இல்லாமல் எத்தனை நாள் ஓடியது என்று காட்டும் பலகை அது. முன்னூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் எல்லாருக்கும் பிரியாணி, ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ்.

முன்னூற்று அறுபத்து நாலாம் நாள், கம்பி வெட்டும் தேசப்பனின் இரண்டு விரல்களை மெஷின் கடித்துத் துப்பியது.

சூப்பர்வைசர் சபரிநாதன் அவனைப் பைக்கில் ஏற்றித் தெரிந்த கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு, நோட்டில் 'இன்சிடென்ட்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"ஆக்சிடென்ட்டுனு எழுதலியா சார்?" என்று கேட்டாள் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சம்மாள்.

"அது பெருசும்மா. இ.எஸ்.ஐ. இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ரிப்போர்ட் போவும், போர்டு சைபருக்கு வந்துடும். இன்சிடென்ட்னா சும்மா, ஏதோ நடந்துச்சு, அவ்ளோதான்."

"அப்ப தேசப்பனுக்கு இ.எஸ்.ஐ. பணம் வராது?"

"உனக்கு இன்னாத்துக்கு அது? போய்ப் பெருக்கு."

"உன் விரலா இருந்தா இன்னா எழுதுவ சார்?"

மத்தியானம் கேன்டீனில் எல்லாருக்கும் ஹாட்பாக்ஸ் பேச்சுதான். தேசப்பனோடு வேலை செய்யும் கணேசன் அவளிடம் கிசுகிசுத்தான்: "ஆயா, நாளைக்கு ஒரு நாளு கம்முனு இரு. ஹாட்பாக்ஸ் வருது."

"ஹாட்பாக்ஸ் ஊத்துக்கோட்டைல கெடைக்கும்டா. விரலு எந்தக் கடைல விக்கிது?"

மறுநாள் ஹெட் ஆபீஸ்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். சபரிநாதன் இளித்துக்கொண்டே, விழாவுக்காகப் பலகைமேல் போர்த்தியிருந்த துணியை இழுத்தார். உள்ளே ஒற்றைச் சைபர்.

"எவ வேல இது?"

"நாந்தான் சார்" என்றாள் அஞ்சம்மாள், துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி. "போர்டுக்கு ஒரு இன்சிடென்ட் ஆயிடுச்சு. பெருசா ஒண்ணுமில்ல. தேசப்பனுக்கு ரெண்டு விரலு போச்சே, அந்த மாதிரி."

வந்தவர்களில் ஒருவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். மறைத்தால் நாளைக்குக் கம்பெனிதான் கோர்ட்டில் நிற்கும் என்று கடுகடுத்தார். தேசப்பன்மேல் இரக்கமெல்லாம் இல்லை. சபரிநாதன் 'இன்சிடென்ட்'டை அடித்துவிட்டு 'ஆக்சிடென்ட்' என்று எழுதினார். அன்றைக்கே இ.எஸ்.ஐ.க்கு ரிப்போர்ட் போனது.

ஹாட்பாக்ஸ்கள் வந்த வண்டியிலேயே திரும்பின. பிரியாணி வெந்துவிட்டதால் அதை மட்டும் போட்டார்கள். கணேசன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று தட்டு தின்றான்.

காலையிலிருந்து எல்லார் கண்முன்னும் கேட்டிலேயே நின்ற அஞ்சம்மாளுக்கு அன்றைக்கும் சபரிநாதன் போட்டது ஆப்சென்ட்.