குருத்து கையோடு வந்தது

பனைக் குடும்பத்து மரங்களில் எது குளிர் தாங்கும், எது தாங்காது என்பது என் சித்திக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் பக்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருந்ததற்காக அவளுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. கொஞ்சம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஏற்காட்டில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஒரு நாள் ஒற்றைப் பையோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று என் எதிரில் யாரும் பேசமாட்டார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அந்த இரண்டு வருஷமும் அவள் அங்கே ஒரு செடிப் பண்ணைக்குக் கூலிக்குப் போயிருக்கிறாள். பனிக்காலத்தில் எந்தச் செடி கருகும், எது நிமிர்ந்து நிற்கும் என்பதெல்லாம் அங்கே பார்த்துக் கற்றதுதான். அந்தக் கல்யாணத்திலிருந்து அவள் கொண்டுவந்த சீர் அது ஒன்றுதான் என்று அம்மா ஒரு தடவை சிரிக்காமல் சொன்னாள்.

மாமா அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகிற ரோட்டோரத்தில் நர்சரி வைத்திருந்தார். வாசல் போர்டில் அவர் படம் இருக்கும். உள்ளே மண் கலப்பது, பை நிரப்புவது, பதியன் போடுவது, பூச்சி பார்ப்பது எல்லாம் சித்தி. செடி வாங்க வருகிறவர்கள் அவளிடம் கேட்டுத்தான் எடுப்பார்கள். எடுத்துக்கொண்டு மாமாவிடம் வந்து, "நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மாமாவும் தலையை ஆட்டிக்கொள்வார்.

எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். சங்கராபுரத்தில் எங்கள் வீட்டில் அப்பா நினைத்தால்தான் டிவி ஓடும். மாமாவோ என்னை பைக்கின் முன்னால் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் ரோஸ்மில்க் வாங்கித் தருவார். லீவு விட்டால் நான் அங்கேதான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், காலாண்டு லீவில், மாமாவுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. சென்னையில் வீடு கட்டி விற்கிற ஒருவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, இடம் வாங்கி பங்களா கட்டியிருந்தார். சுற்றிலும் அழகுப் பனைகளாக ஒரு பாம் தோட்டம் வேண்டுமாம். எங்கேயோ வெளிநாட்டில் தண்டு முழுக்கச் சிவப்பாக இருக்கும் ஒரு வகையைப் பார்த்திருக்கிறார். லிப்ஸ்டிக் பாம் என்பார்கள். கேட்டிலிருந்து வீடு வரைக்கும் இரண்டு பக்கமும் அது வரிசையாக நிற்கவேண்டும் என்றார். ஆந்திராவில் கிடைக்கும், கொண்டுவந்து நட்டுத் தருகிறேன் என்று மாமா ஒத்துக்கொண்டார்.

இடம் பார்க்க என்னையும் கூட்டிப்போனார்கள். பங்களா மேட்டில் இருந்தது. கேட் கீழே, ஓடைக்குப் பக்கத்தில், ஒரு பள்ளத்தில். மாமா மேலே நின்று அளந்துகொண்டிருந்தபோது சித்தி பள்ளத்துக்கு இறங்கி மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். வாட்ச்மேனின் மனைவி, அந்த மலையிலேயே பிறந்தவள், மரவள்ளிக் கிழங்கை அலசிக்கொண்டிருந்தாள். அவளிடம் குளிரைப் பற்றிக் கேட்டாள்.

"மார்கழி, தையில இங்க நிக்கவே முடியாதும்மா. வாழ எலயே கறுத்துப் போவும். செல வருசம் காலையில பில்லு மேல உப்பு தூவுனாப்ல இருக்கும்."

சித்தி நேராக மேட்டுக்கு ஏறி வந்தாள்.

"ண்ணா, அந்தச் செகப்புத் தண்டு இங்க நிக்காது. அது மழக்காட்டு சாதி. பத்து நாள் சேந்தாப்ல குளுரு அடிச்சா குருத்து அழுவிடும். பாட்டில் பாமும் அப்பிடித்தான். குளுரு காத்து கீழ எறங்கி இந்தப் பள்ளத்துலதான் தேங்கும். இங்க ஈச்ச வைக்கலாம், மலையிலயே தானா நிக்குது பாரு. சீனா விசிறிப்பன வைக்கலாம், அது உறைபனியே தாங்கும். சரிவுல கூந்தப்பன வெச்சா ஜம்முனு வரும். செகப்பு வேணும்னே கேட்டா, வூட்டுச் செவுரு ஓரமா, வெயிலு படற எடத்துல நாலே நாலு வை."

"ஈச்சயா? தொடப்பத்துக்கு அறுக்கறத நட்டு வைக்கறதுக்கா அந்தாளு மெட்ராசுல இருந்து வராரு?"

"நான் சொல்றத..."

"கம்முனு இரு. உன் ஏற்காட்டுக் கதைய இங்க எடுக்காத."

ஏற்காடு என்ற சொல் வந்தால் சித்தி அதற்கு மேல் பேசமாட்டாள். மாமாவுக்கு அது தெரியும். எனக்கும் அது ஒரு வேடிக்கை மாதிரி பழகியிருந்தது.

லாரியில் நாற்பது கன்று வந்து இறங்கியது. தண்டு நிஜமாகவே உதட்டுச் சாயம் பூசின மாதிரி மினுமினுத்தது. பள்ளத்தில் இரண்டு வரிசையாக நட்டார்கள். பங்களாவுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில், அதுவும் பள்ளம்தான், பத்து விசிறிப்பனையும் ஈச்சையும் வைத்துக்கொள்ள சித்திக்கு அனுமதி கிடைத்தது. செடி பிடிக்கும்வரை அவள் அங்கேயே தங்குவது என்று ஏற்பாடு. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் சாமான் போட்டுவைக்கும் ஒரு அறையைக் கொடுத்தார்கள்.

அரையாண்டு லீவுக்கு நான் அடம்பிடித்து அங்கே போனேன். சித்தி மாறியிருந்தாள். அறைக்கு அவளே சுண்ணாம்பு அடித்திருந்தாள். பழைய புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்திருந்தாள். மாமா வீட்டில் சத்தம் வராமல் பாத்திரம் கழுவுகிறவள், இங்கே வேலை செய்துகொண்டே வாய்விட்டுப் பாடினாள். காலையில் வாயைத் திறந்தால் புகை வந்தது. நான் அதை ஊதி ஊதி விளையாடினேன்.

நாற்பது கன்றுக்கும் மட்டைகளைச் சேர்த்துக் கட்டி, கோணி சுற்றி, அடியில் வைக்கோல் பரப்பியிருந்தாள். வெயில் வந்த பிறகு பத்து மணிக்கு மேல்தான் தண்ணீர், அதுவும் அளவாக. சாயங்காலம் மண்வெட்டியையும் சேற்றுக்காலையும் கழுவ மட்டும் ஹோஸைத் திறப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்து மாமா வந்தார். பங்களாக்காரர் புது வருஷத்துக்கு விருந்தாளிகளோடு வருகிறாராம். வரிசையைப் பார்த்ததும் மாமாவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"இன்னா இது? பொணத்துக்குச் சுத்துனாப்ல கோணியா சுத்தி வெச்சிருக்க? அவுரு போட்டோ எடுக்கணும்ங்கறாரு. அவுத்து எறி எல்லாத்தையும்."

"தை முடியட்டும்ண்ணா. இப்பதான் குளுரே ஏறுது. இப்ப அவுத்தா போயிடும்."

"ஒரு வாரத்துல ஒண்ணும் ஆவாது."

சித்தி நகரவில்லை. மாமாவே அரிவாளை எடுத்துக் கயிறுகளை அறுத்துக்கொண்டே போனார். நான் அவர் பின்னால் ஓடி ஓடிக் கோணிகளைப் பொறுக்கி அடுக்கினேன். நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுத்தார்.

விருந்தாளிகள் வந்தார்கள், சிவப்புத் தண்டுகளுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். அவர்கள் வண்டி வளைவு திரும்பியதும் சித்தி மறுபடி கோணியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அந்த ஒரு வாரமும் குளிர் சேர்ந்தாற்போல் இறங்கியிருந்தது. ஒரு காலையில் பள்ளத்துப் புல் வெள்ளையாக இருந்ததை நானே பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று சித்தியை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். அவள் புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கன்றுகளின் பக்கம் போனாள்.

பள்ளிக்கூடம் திறந்து, நான் பொங்கல் லீவுக்கு மறுபடி போனபோது கோணிகளைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே வைத்துக் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. மட்டையெல்லாம் வெந்நீர் ஊற்றின மாதிரி துவண்டு பழுப்பேறிக் கிடந்தது. ஒரு கன்றில் நடுக்குருத்து மட்டும் பச்சையாக நின்றது. பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு அதைத் தொட்டுப் பார்த்தேன். லேசாகத்தான் இழுத்தேன். குருத்து முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் கூழ் மாதிரி அழுகல். செத்த எலி நாற்றம்.

நான்தான் அந்த மரத்தைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். குளிரில் உள்ளே அழுகின பிறகுதான் குருத்து இப்படி உருவிக்கொண்டு வரும் என்று அந்த வயதில் எனக்கு யார் சொன்னார்கள்? குருத்தை அதே ஓட்டையில் திரும்பச் செருகினேன். அது சாய்ந்து விழுந்தது. மறுபடி செருகும்போது மேலே கார் சத்தம் கேட்டது.

பங்களாக்காரரும் மாமாவும் இறங்கி வந்தார்கள். சித்தி பின்பக்கத்திலிருந்து வந்து நின்றாள். பங்களாக்காரர் கத்தவில்லை. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். விழுந்துகிடந்த குருத்தைச் செருப்பு முனையால் புரட்டினார்.

"இத யாரு புடுங்கினது?"

நான் கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தேன்.

மாமாதான் பேசினார். "அது தானா அழுவி வுழுந்துதுங்க சார். தண்ணி ஜாஸ்தி ஆயிடிச்சி. நான் தலப்பாடா அடிச்சிக்கினேன். பொம்பள, வெவரம் பத்தல. சாயந்தரத்துல ஊத்தி ஊத்தி வேர அழுவ வெச்சிட்டா."

"தண்ணியில்லைங்க சார்," என்றாள் சித்தி. "குளுரு. பின்னாடி வந்து பாருங்க. அதே தண்ணியதான் விசிறிப்பனைக்கும் ஈச்சைக்கும் ஊத்துனேன். ஒண்ணு கூடப் போவல. கோணிய அவுத்த வாரத்துலதான்..."

பங்களாக்காரர் திரும்பி மாமாவைப் பார்த்தார். ஒரு நிமிஷம்தான். மாமா என்னைப் பார்த்தார்.

"பாப்பா, லீவுல நீ இங்கதான இருந்த? சித்தி சாயந்தரம் ஹோஸ் புடிச்சிக்கினு நின்னுச்சா இல்லியா? சாருக்குச் சொல்லு."

ஹோஸ் பிடித்து நின்றது உண்மை. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தண்ணீரால்தான் மரம் போனது என்று ஆகிவிட்டால் நான் பிடுங்கினதை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது மட்டும் எனக்குச் சட்டென்று புரிந்தது.

"ஆமா மாமா," என்றேன். "தெனமும் ஊத்துனாங்க."

தினமும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

"குழந்தை பொய் சொல்லாது," என்றார் பங்களாக்காரர்.

சித்தி என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, நான் மறைத்திருந்த கையை இழுத்து விரித்தாள். விரல்களில் அந்தப் பழுப்புக் கூழ் காய்ந்திருந்தது. நாற்றமும் போகவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். அப்போதே கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதும், என் பேச்சை யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். அவள் முந்தானையால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

மாமா அதற்குள் அடுத்த பேச்சுக்குப் போயிருந்தார். "இந்தத் தடவ குளுரு தாங்கற சாதியாவே வெச்சிடலாம் சார். பள்ளத்துல சீனா விசிறிப்பன, அது உறைபனியே தாங்கும். ஈச்ச இருக்கு, மலைக்குன்னே ஆனது. சரிவுல கூந்தப்பன. செகப்பு வேணும்னா வூட்டுச் செவுரு ஓரமா ஒரு நாலு." எல்லாம் சித்தி அன்று மேட்டில் சொன்னதுதான். பங்களாக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பாத்துக்க வேற ஆள் போடுங்க, இந்தம்மா வேணாம்," என்றார்.

நல்ல தோட்டம் என்று இப்போதும் சொல்கிறார்கள். நான் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. மலை பங்களா, எஸ்டேட் வேலை என்று மாமாவுக்கு அதற்குப் பிறகு ஏகப்பட்டது வந்தது. எந்த மரம் எத்தனை குளிர் தாங்கும் என்று அவர் ஃபோனில் விளக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். சித்தி இன்னும் அந்த நர்சரியில் பை நிரப்புகிறாள். அந்தப் புது வருஷத்தில் பங்களாக்காரர் அவளிடம், தோட்டம் நன்றாகப் பிடித்துவிட்டால் நீங்களே இங்கே நிரந்தரமாக இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், சம்பளத்தை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன், அந்த அறையும் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். அவள் அதை அம்மாவிடம் மட்டும் ஃபோனில் சொன்னாளாம். எனக்குக் கல்யாணம் பேசும்போதுதான் அம்மா இதை வேறு எதற்கோ எடுத்துக்காட்டாகச் சொன்னாள். நான் சொன்ன பொய் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. சித்தி சொல்லவில்லை.

வேறு ஆள் போடச் சொன்ன அன்று மத்தியானமே குட்டியானை வண்டியில் மலை இறங்கினோம். மாமா ஓட்டினார். நடுவில் நான், ஜன்னல் ஓரம் சித்தி. இனி லீவுக்குப் போனால் சித்தி மாமா வீட்டிலேயே இருப்பாள் என்று எனக்கு ஒரே குஷி. அதை மாமாவிடம் கேட்டேன். "இருக்கும், இருக்கும். இன்னமே எங்கியும் போவாது," என்றார். நான் கைதட்டினேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் சித்தி முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். தோள் குலுங்கியது.

"மாமா, வண்டிய நிறுத்துங்க. சித்திக்கு வாந்தி வருது," என்றேன்.

நிறுத்தினார். சித்தி இறங்கி ஒரு பாறைக்குப் பின்னால் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. மாமா இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அவள் வந்து உட்கார்ந்ததும், வாந்தி நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

நின்றுவிட்டது என்றாள்.